பாட்டு அவரவருடையது, கணக்கு எல்லோருடையது: சுயாதீன இசைக்கலைஞர்கள் சேர்ந்து பிழைக்க ஒரு வழிகாட்டி

எட்டு ஆண்டுகளாக ஒரு சிறிய இசைக் கூட்டின் கணக்கை நான் எழுதி வருகிறேன். மேடையில் பேஸ் கிதார் வாசிப்பேன். இறங்கியதும் வேன் வாடகை, ஒலியமைப்பாளருக்குத் தர வேண்டிய பாக்கி, புதுப் பாடலின் பங்குத்தாள் என்று நோட்டும் கையுமாக இருப்பேன். பெரிய இசை நிறுவனம் எதிலும் சேராமல், திரைப்பட வாய்ப்புக்காக மட்டும் காத்திராமல், சொந்தப் பாடல்களைக் கொண்டு வீட்டு வாடகை கட்ட முடியுமா என்று இளைய கலைஞர்கள் கேட்கிறார்கள். தனியாக முடிவது அரிது, ஆறேழு பேர் ஒழுங்காகச் சேர்ந்தால் முடியும் என்பதே என் பதில். அந்த ‘ஒழுங்காக’ என்ற ஒரு சொல்லுக்குள் என்னவெல்லாம் அடங்கியிருக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சட்டமும் வரியும் பற்றிச் சொல்பவை இந்தியாவுக்கு உரியவை. கையெழுத்திடும் முன் உங்கள் ஆடிட்டரிடமும் வழக்கறிஞரிடமும் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள்.

எதைச் சேர்ப்பது, எதைத் தனியே வைப்பது

கூட்டாகச் சேரும் கலைஞர்கள் முதல் உற்சாகத்தில் எல்லாவற்றையும் பொதுவாக்கிவிடுகிறார்கள். பாடல்கள் எல்லோருக்கும் சொந்தம், வருமானம் எல்லோருக்கும் சமம் என்று பேசிக்கொள்கிறார்கள். ஒரு பாடல் ஓடத் தொடங்கியதும் அதை எழுதியவருக்கு மனம் கசக்கிறது; வெளியே சொல்லத் தயங்குகிறார்; ஆறு மாதத்தில் கூட்டு உடைகிறது. என் அனுபவத்தில் நிலைத்து நிற்கும் முறை வேறு. பாடலின் உரிமை அதை உருவாக்கியவர்களிடமே இருக்க வேண்டும். செலவு, கருவிகள், ஒத்திகை இடம், நிகழ்ச்சி பிடிக்கும் உழைப்பு, பேரம் பேசும் பலம், கணக்கு ஆகியவற்றை மட்டும் பொதுவாக்க வேண்டும்.

இந்த வழி நமக்கு முன்பே பலர் நடந்த வழிதான். 1904-ல் லண்டனில் குவீன்ஸ் ஹால் இசைக்குழுவில் இருந்த வாத்தியக்காரர்கள், தங்களுக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பும் வழக்கத்தை நிர்வாகம் தடை செய்ததால் வெளியேறி, தாங்களே உரிமையாளர்களாக இருக்கும் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கினார்கள். 1965-ல் சிகாகோவின் கறுப்பின ஜாஸ் கலைஞர்கள், முஹல் ரிச்சர்ட் ஏப்ரம்ஸ் உள்ளிட்டோர் முன்னெடுக்க, ஏ.ஏ.சி.எம். என்ற சங்கத்தை அமைத்து, ஒருவர் மற்றவருடைய சொந்தப் படைப்புகளுக்கு மேடை ஏற்பாடு செய்தார்கள். இளையோருக்கு இலவச இசைப் பள்ளியும் நடத்தினார்கள். 1980-ல் வாஷிங்டனில் தோன்றிய டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ், ஒரு இளைஞர் குழு கச்சேரிகளில் சேமித்த பணத்தில் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. அது விற்ற பணத்தை நண்பர்களின் அடுத்த இசைத்தட்டுக்குப் போட்டது. 1990-ல் இத்தாலியின் வெரோனாவில் உருவான டாக் செர்விட்ஸி கூட்டுறவு இன்னொரு பாதையில் சென்றது. நாளொரு மேடை, பொழுதொரு ஊர் என்று அலையும் இசைக்கலைஞர்களைத் தன் உறுப்பினர்-ஊழியர்களாக்கி, அவர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு கிடைக்கும்படி செய்தது.

நம் ஊரிலும் முன்னோடி உண்டு. இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன், சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்த கலைஞர்களைச் சங்கமாகத் திரட்டி, கூலியைப் பேசிப் பெறும் உரிமைக்காக நின்றவர். அவருடைய சேர்ந்திசைப் பணியை நினைவுகூரும் அளவுக்கு இந்தப் பணியை நாம் நினைவுகூர்வதில்லை என்பது எனக்கு வருத்தமே.

இவர்களில் ஒவ்வொருவரும் பொதுவாக்கியது ஒவ்வொன்று: ஒருவர் நிர்வாகத்தை, ஒருவர் மேடையை, ஒருவர் சுழலும் முதலை, ஒருவர் வேலைப் பாதுகாப்பை, ஒருவர் பேரத்தை. உங்கள் கூட்டுக்கு இவற்றில் எது முதலில் தேவை என்று உட்கார்ந்து பேசுங்கள். ஐந்தையும் முதல் ஆண்டிலேயே தொடங்கினால் ஒன்றும் உருப்படாது.

பங்குத்தாள்

ஒரு பாடலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று, ஒலிப்பதிவு முடிந்து ஊர் திரும்பும் முன் எழுத வேண்டிய தாள் இது. ஒரு பக்கம் போதும். ஆனால் அதற்குள் இரண்டு வேறு சொத்துகளைப் பிரித்து எழுத வேண்டும். வரிகளும் மெட்டும் சேர்ந்த பாடல் ஒரு சொத்து. அந்தப் பாடலைப் பாடி, வாசித்து, பதிவு செய்து முடித்த ஒலிப்பதிவு, அதாவது நம் தொழிலில் மாஸ்டர் என்று சொல்வது, இன்னொரு சொத்து. பாடலின் பதிப்புரிமை பொதுவாக எழுதியவரிடமும் மெட்டமைத்தவரிடமும் தொடங்குகிறது. அவர்கள் வாழ்நாள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. ஒலிப்பதிவின் உரிமை அதன் தயாரிப்பாளருடையது. வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒலிப்பதிவை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவரே தயாரிப்பாளர். ஒரு கூட்டில் அது யார்? ஸ்டுடியோவுக்குப் பணம் கட்டியவரா, எல்லோரையும் அழைத்தவரா, கூட்டு முழுவதுமா? எழுதி வைக்காவிட்டால் பிற்காலத்தில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள்.

எனவே தாளின் மேல் பாதியில் பாடலுக்கான பங்கை எழுதுங்கள்: வரிகள் யாருடையவை, மெட்டு யாருடையது, யாருக்கு எத்தனை விழுக்காடு, கூட்டினால் சரியாக 100 வருகிறதா. கீழ்ப்பாதியில் மாஸ்டருக்கான பங்கை எழுதுங்கள். அதில் முதல் வரி செலவைப் பற்றியதாக இருக்கட்டும். பதிவுக்கு 40,000 ரூபாய் ஆகியிருந்தால், மாஸ்டரிலிருந்து வரும் முதல் 40,000 ரூபாய் செலவழித்தவருக்கோ பொது நிதிக்கோ திரும்பிய பின்னரே பங்கு பிரியும் என்று தெளிவாக இருக்க வேண்டும்.

கடினமான கேள்வி வாத்தியக்காரர்களைப் பற்றியது. பறை வாசித்தவர் போட்ட அடிதான் பாடலின் உயிர் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் பெயர்ப் பட்டியலில் ‘தாளம்’ என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. இது அநீதி என்பதில் எனக்கு ஐயமில்லை. எங்கள் கூட்டில் பதிவுக்கு முன்பே ஒவ்வொரு வாத்தியக்காரரிடமும் கேட்டுவிடுகிறோம்: இன்றைக்குக் கட்டணம் வேண்டுமா, மாஸ்டரில் பங்கு வேண்டுமா? கட்டணம் என்றால் பதிவு முடிந்த அன்றே கையில் கொடுத்துவிடுகிறோம். பங்கு என்றால் விழுக்காட்டை எழுதி எல்லோரும் கையெழுத்திடுகிறோம். பாதிக் கட்டணமும் பாதிப் பங்கும் கேட்பவர்களும் உண்டு, அதுவும் நியாயமே. ‘பாட்டு ஓடினால் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற வாக்கியத்தை மட்டும் எங்கள் ஒத்திகை அறையில் யாரும் சொல்வதில்லை.

ஒரு வாத்தியக்காரர் ஒத்திகையிலேயே மெட்டின் ஒரு பகுதியை உருவாக்கியிருந்தால், அவர் மெட்டமைத்தவர்களில் ஒருவர். அவருடைய பெயர் மேல் பாதியில் வர வேண்டும். நட்பின் பெயரால் இதை விட்டுக்கொடுக்கச் சொல்லாதீர்கள்.

பணம் வரும் வாய்க்கால்கள்

பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் முதலில் செய்ய வேண்டியது ஐ.பி.ஆர்.எஸ். என்று அறியப்படும் இந்திய நிகழ்த்துரிமைச் சங்கத்தில் உறுப்பினராவது. 1969-ல் தொடங்கப்பட்ட இந்தச் சங்கம், 2012-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, 2017-ல் பதிப்புரிமைச் சங்கமாக மீண்டும் பதிவு பெற்றது. வானொலி, தொலைக்காட்சி, இணைய இசைத் தளங்கள், விடுதிகள், மேடை நிகழ்ச்சிகள் ஆகியவற்றிடம் உரிமத் தொகை வாங்கி உறுப்பினர்களுக்குப் பிரித்துத் தருகிறது. உறுப்பினரானால் மட்டும் போதாது. ஒவ்வொரு பாடலையும் பங்கு விவரத்தோடு பதிவு செய்ய வேண்டும். இரண்டு பேர் ஒரே பாடலுக்கு வெவ்வேறு விழுக்காடு எழுதி அனுப்பினால் தகராறாகி அந்தப் பாடலின் பணம் முடங்கும். பங்குத்தாளை அன்றே எழுதச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

பாடகர்களும் வாத்தியக்காரர்களும் தங்களுக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது என்பதை அறியாமலேயே வாழ்நாளைக் கழித்துவிடுகிறார்கள். 2012 திருத்தம் நிகழ்த்துநர்களுக்கு, அவர்களுடைய நிகழ்த்துதல் வணிக நோக்கில் பயன்படும்போது ராயல்டி, அதாவது பயன்பாட்டுக்கான உரிமைத் தொகை, பெறும் உரிமையைத் தந்தது. பாடகர்களுக்கான உரிமைச் சங்கம் ஒன்று இஸ்ரா என்ற பெயரில் 2013-ல் பதிவு பெற்றது. கூட்டில் எழுத்து வேலை தெரிந்த ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லோருடைய விண்ணப்பங்களையும் நிரப்பிக் கொடுத்தால், பல ஆண்டு அலட்சியம் ஒரே நாளில் தீரும். தனித்தனியாக விட்டால் யாரும் செய்வதில்லை. நானே மூன்று ஆண்டுகள் தள்ளிப்போட்டேன்.

ஒலிப்பதிவை இணையத் தளங்களுக்கு அனுப்பும் விநியோகச் சேவைகள் இரு வகைப்படும்: ஆண்டுக் கட்டணம் வாங்கி வருமானத்தை முழுவதும் தருபவை, கட்டணத்தைக் குறைத்துக்கொண்டு வருமானத்தில் விழுக்காடு எடுப்பவை. ஆண்டுக் கட்டண வகையில், கட்டணம் கட்டத் தவறினால் பாடல்கள் தளங்களிலிருந்து இறக்கப்படும் நிலை வரலாம் என்பதால் விதிகளைக் கவனமாகப் படியுங்கள். வருமானத்தைப் பங்குதாரர்களுக்கு நேரடியாகப் பிரித்து அனுப்பும் வசதி சில சேவைகளில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் கணக்கருக்குப் பாதி வேலை குறையும், பாதிச் சந்தேகமும் குறையும். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 எழுத்தெண் கொண்ட அடையாளக் குறியீடு கிடைக்கும். சேவையை மாற்றும்போது அதே குறியீட்டையே கொண்டு செல்லுங்கள். புதிதாக வாங்கினால் இதுவரை ஏறிய கேட்பு எண்ணிக்கை தொடராமல் போகக்கூடும். எங்கள் கூட்டில் பாடல், பங்கு, குறியீடு, வெளியான நாள் நான்கையும் ஒரே அட்டவணையில் வைத்திருக்கிறோம்.

இணைய வருமானத்தில் கூட்டின் பயன் எங்கே என்று கேட்கலாம். ஸ்பாட்டிஃபை 2024 முதல் ஒரு விதியைக் கொண்டுவந்தது: முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத ஒலிப்பதிவுக்கு ராயல்டி இல்லை. யூடியூபில் விளம்பர வருமானப் பங்கு பெற, 1,000 சந்தாதாரர்கள் வேண்டும்; அதோடு 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையோ, 90 நாட்களில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வைகளோ வேண்டும். ஏழு கலைஞர்கள் ஏழு சேனல் நடத்தினால் ஏழும் இந்த வாசலுக்கு வெளியே நிற்கக்கூடும். ஒரே சேனலில் மாதம் ஒருவராகப் பாடல் வெளியிட்டால், ஒருவருக்காக வந்தவர் மற்றவரையும் கேட்பார், வாசலும் திறக்கும். எந்தக் காணொளிக்கு எவ்வளவு வந்தது என்று தளமே காட்டுவதால் பிரிப்பதும் எளிது. சேனலின் நிர்வாக உரிமையைக் குறைந்தது மூவரிடமாவது வைத்திருங்கள். கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருந்த ஒரு குழுவை எனக்குத் தெரியும். அவர் கோபித்துக்கொண்டு போன அன்றே நான்கு ஆண்டு உழைப்பும் போயிற்று.

வெளிநாட்டுத் தமிழர்களிடம் இசையை நேரடியாக விற்க பேண்ட்கேம்ப் நல்ல வழி. 2008-ல் தொடங்கிய இந்தத் தளம், மின்வடிவ விற்பனையில் 15 விழுக்காடும், சட்டை, இசைத்தட்டு போன்ற பொருள்களில் 10 விழுக்காடும் எடுத்துக்கொள்கிறது. பணம் பேபால் என்ற இணையவழிப் பணப் பரிமாற்றச் சேவை வழியாக வருகிறது. பேபால் 2021 ஏப்ரல் முதல் இந்தியாவுக்குள் உள்நாட்டுப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டதால், டொரொன்டோவிலோ லண்டனிலோ இருப்பவர் வாங்குவது போல மதுரையில் இருப்பவரால் அதில் எளிதாக வாங்க முடியாது. உள்ளூர் ரசிகர்களுக்கு யு.பி.ஐ. குறியீட்டையே நம்புங்கள். கச்சேரி முடிந்ததும் வாசலில் அதைப் பெரிதாக அச்சிட்டு வைத்தால், சில கச்சேரிகளில் உள்ளே வசூலானதற்கு இணையாகவே சேர்கிறது. பேண்ட்கேம்ப் 2022-ல் எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் கைக்கும், 2023-ல் சாங்ட்ரேடர் நிறுவனத்தின் கைக்கும் மாறியது; இரண்டாவது மாற்றத்தில் ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வேலை இழந்தார்கள். எந்தத் தளமும் நம்முடையது அல்ல என்பதால், கேட்பவர்களின் மின்னஞ்சலையும், அவர்கள் விரும்பித் தந்தால் வாட்ஸ்அப் எண்ணையும், ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒரு நோட்டில் வாங்கிப் பாதுகாத்து வையுங்கள். மாதம் 100 ரூபாய் தரும் 200 பேர் அந்த நோட்டிலிருந்து கிடைத்தால் மாதம் 20,000 ரூபாய். ஒத்திகை அறை வாடகைக்கு அது போதும்.

சீட்டு மாதிரி ஒரு பொது நிதி

பெரிய நிறுவனத்திடம் கலைஞர்கள் போவது பெரும்பாலும் முன்பணத்துக்காகத்தான். பதிவு செய்யக் கையில் பணம் இருந்தால் பாதிப் பேர் போகமாட்டார்கள். எனவே கூட்டின் முதல் வேலை அந்த முன்பணத்தைத் தானே தருவது. எட்டுப் பேர் மாதம் ஆளுக்கு 1,000 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 96,000 ரூபாய் சேரும். நாலு மாதத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து, அந்த நிதியில் ஒரு பாடலைப் பதிவு செய்யலாம். வீட்டில் அம்மாக்கள் சீட்டுப் போட்டு மிக்சி வாங்கிய அறிவுதான் இது. ஆனால் ஏலமும் வேண்டாம், வட்டியும் வேண்டாம். சீட்டு நடத்தத் தனிச் சட்டமும் பதிவும் உண்டு என்பதால், இதை உறுப்பினர் பங்களிப்பாகவே எழுதி வையுங்கள்.

பணத்தை முறை வந்தவர் கையில் கொடுக்காமல், ஸ்டுடியோவுக்கும் கலவை செய்பவருக்கும் ரசீது பெற்று நேரடியாகச் செலுத்துங்கள். கைக்கு வந்த பணம் வீட்டு அவசரத்துக்குப் போய்விடும். அது யாருடைய குற்றமும் அல்ல. பாடலின் முதல் வருமானம் நிதிக்குத் திரும்ப வேண்டும். இரண்டு ஆண்டுகள் ஆகியும் திரும்பவில்லை என்றால் மீதியைத் தள்ளுபடி செய்துவிடுவது எங்கள் வழக்கம். நண்பரைக் கடனாளியாக்கி வைத்திருக்கும் கூட்டில் ஒத்திகைக்கு யாரும் மனம் விட்டு வரமாட்டார்கள். முறையை வரிசைப்படி தீர்மானிக்காமல் திருவுளச்சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பதும் நல்லது.

கச்சேரிப் பணம்

உண்மையில் நம்மைப் பிழைக்க வைப்பது மேடைதான். கல்லூரி விழா, திருமண வரவேற்பு, நிறுவன நிகழ்ச்சி, அரங்கில் டிக்கெட் போட்டு நடத்தும் சொந்தக் கச்சேரி என்று நான்கு வகையிலும் விலை வேறு. ஆனால் கூட்டுக்குள் குறைந்தபட்ச விலை ஒன்றே இருக்க வேண்டும். ஒரே கல்லூரி ஒரே வாரத்தில் மூன்று குழுக்களை அழைத்து விலையைக் குறைக்கும்போது, மூவரும் ஒரே அடிவிலையைச் சொன்னால் பேரம் அங்கே நின்றுவிடுகிறது. எங்களுக்கு முதல் ஆண்டில் நான்கு நிகழ்ச்சிகள் இதனால் கைநழுவின. அந்த நான்கையும் இழக்கத் துணிந்ததால்தான் இரண்டாம் ஆண்டின் விலை நிலைத்தது.

நிகழ்ச்சியை ஒப்புக்கொள்ளும்போது பாதித் தொகையை முன்பணமாக வாங்குங்கள். மீதியை மேடை ஏறும் முன் வாங்க வேண்டும் என்பதையும், ரத்தானால் முன்பணம் திரும்பாது என்பதையும் மின்னஞ்சலில் எழுதி ஒப்புதல் பெறுங்கள். திரைப்பாடல்களையும் பாடுவதாக இருந்தால், அதற்கான உரிமத்தை அமைப்பாளரே பெற வேண்டும் என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

பிரிப்பதற்கு ஓர் உதாரணம். கட்டணம் 1,20,000 ரூபாய் என்று கொள்வோம். ஒலியமைப்புக்கு 28,000, வேன், சாப்பாடு, தங்குமிடத்துக்கு 17,000 போனால் மிச்சம் 75,000. அதில் பத்து விழுக்காடாகிய 7,500 பொது நிதிக்கு. இன்னொரு 7,500 அந்த நிகழ்ச்சியைப் பேசிப் பிடித்தவருக்கு. தொலைபேசியில் இருபது முறை பேசியதும் உழைப்புதான். மீதி 60,000 ரூபாயை மேடையேறிய ஐவரும் ஒலிப்பொறியாளரும் ஆக ஆறு பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 10,000. ஒலிப்பொறியாளரை ஏன் சமமாக வைக்கிறோம் என்று கேட்பவர்களை, அவர் இல்லாத ஒரு நாளின் பதிவைக் கேட்கச் சொல்கிறேன். முன்னணிப் பாடகருக்குக் கூடுதல் பங்கு வைப்பதில் தவறில்லை; ஆனால் அதை நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாற்றாமல் ஆண்டுத் தொடக்கத்தில் ஒருமுறை பேசி முடியுங்கள்.

நிகழ்ச்சி நடந்த மூன்று நாட்களுக்குள் கணக்கை எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும். மாதம் ஒருமுறை கூடி, தேநீர்ச் செலவு உட்பட, வரிவரியாக வாய்விட்டு வாசிக்க வேண்டும். வாசிக்கக் கேட்கும்போது யாருக்கும் சந்தேகம் வளர்வதில்லை. வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து இருக்கட்டும். கணக்கர் பொறுப்பு ஆண்டுக்கு ஒருமுறை கைமாறட்டும். என்னை எட்டு ஆண்டுகள் வைத்திருப்பது எங்கள் கூட்டின் பிழை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லி வருகிறேன்.

எந்த அமைப்பாகப் பதிவது

முதல் ஆண்டு எதையும் பதிவு செய்ய வேண்டாம். எழுத்து ஒப்பந்தமே போதும். பணப் புழக்கம் நிலையானதும் மூன்று வழிகள் உண்டு. 1932-ஆம் ஆண்டுச் சட்டப்படியான கூட்டாண்மை எளியது; ஆனால் கூட்டின் கடனுக்கு ஒவ்வொருவருடைய சொந்தச் சொத்தும் பொறுப்பாகும், பதிவு செய்யாவிட்டால் பாக்கிக்கு வழக்குத் தொடுப்பதும் கடினம். எல்.எல்.பி. என்ற வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மையில் சொந்தச் சொத்துக்குக் காப்பு உண்டு. ஆண்டுதோறும் படிவங்கள் தாக்கல் செய்ய வேண்டும், தாமதித்தால் அபராதம் ஏறும். ஆண்டு வரவு 40 லட்சம் ரூபாயையும் பங்குதாரர் முதலீடு 25 லட்சத்தையும் தாண்டாத வரை அதற்குத் தணிக்கை கட்டாயமில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் ஏழு பேர் சேர்ந்து சங்கம் அமைக்கலாம். விழா நடத்தவும் நன்கொடை பெறவும் அது பொருத்தமானது. லாபத்தை உறுப்பினர்களுக்குப் பிரித்துத் தர அதில் வழியில்லை என்பதால் பிழைப்புக்கு அதை நம்பாதீர்கள்.

வரியில் பலரும் சறுக்கும் இடங்கள் இரண்டு. கட்டணத்தைக் கூட்டின் பெயரில் வாங்கினால், பிடித்தம் செய்யப்படும் வரியும் கூட்டின் பான் எண்ணுக்கே சேரும். தனிநபர்கள் தங்கள் கணக்கில் அதைக் கோர முடியாது. அதேபோல் சேவைகளுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு தேவை. ஆறு பேர் தனித்தனியே பில் போட்டால் யாரும் தாண்டமாட்டார்கள். எல்லாம் கூட்டின் பெயரில் போனால் விரைவில் தாண்டிவிடும். கூட்டு தன் சேவைத் தொகைக்கு மட்டும் பில் போடலாமா என்று ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நாட்டுப்புற அல்லது செவ்வியல் கலை நிகழ்த்துவோருக்கு, ஒரு நிகழ்ச்சிக்கான கட்டணம் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் போகாத வரை ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. ராக், ராப் பாடுபவர்கள் அந்த விலக்கில் தாங்களும் அடங்குவோம் என்று கருதிவிடக் கூடாது.

நிறுவனம் தேடி வரும்போது

பாடல் ஓடினால் இசை நிறுவனத்திடமிருந்து ஒப்பந்தத் தாள் வரும். எங்கள் கூட்டில் ஒருவர், நல்ல தொகை என்று மகிழ்ந்து, உலகெங்கும், எக்காலத்துக்கும், இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களிலும் என்று எழுதிய தாளில் படிக்காமல் கையெழுத்திட்டார். தன் பாடலைத் தானே மேடையில் பதிவு செய்து வெளியிட முடியாமல் அவர் பட்ட துயரத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதன்பின் எந்தத் தாள் வந்தாலும் கூட்டில் இருவர் படித்த பிறகே கையெழுத்து என்று விதி வைத்தோம்.

படிக்கும்போது இவற்றைப் பாருங்கள். கேட்பது உரிமமா, உரிமை மாற்றமா? உரிமம் என்றால் வாடகை. உரிமை மாற்றம் என்றால் விற்பனை. முடிந்தவரை உரிமம் மட்டும், மூன்று ஆண்டுகள் போன்ற குறித்த காலத்துக்கு, குறித்த பயன்பாட்டுக்குக் கொடுங்கள். உரிமை மாற்ற ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதே சட்டம். அதில் காலம் சொல்லப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பகுதி சொல்லப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். வேறுவிதமாக எழுதப்படாத வரை, வாங்கியவர் ஓராண்டுக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். ஒப்பந்த நாளில் இல்லாத, பெயர் குறிப்பிடப்படாத புதிய ஊடகத்துக்கு அந்த உரிமை மாற்றம் செல்லாது என்று 2012 திருத்தம் சொல்கிறது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: ஒலிப்பதிவில் இடம்பெற்ற பாடலின் வரிகளை எழுதியவரும் இசையமைத்தவரும், உரிமையை வாங்கியவரோடு ராயல்டியைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் உரிமையை எழுதிக் கொடுத்தாலும் இழப்பதில்லை; அப்படி எழுதிய ஒப்பந்தம் செல்லாது. மாநிலங்களவையில் இதற்காகப் பேசிய இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் உள்ளிட்டோருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். மாஸ்டருக்கு இத்தகைய காப்பு இல்லை. அதை விற்றால் விற்றதுதான்.

பிரிவும் மறைவும்

கூட்டு தொடங்கும் நாளில் பிரிவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனாலும் பேசுங்கள். விலகுபவர் தன் பாடல்களை எடுத்துச் செல்வார். ஏற்கெனவே எழுதிய பங்குகள் அப்படியே தொடரும். பொது நிதிக்குப் போட்டதில் செலவாகாத பகுதி மூன்று மாதத்தில் திரும்பும். கருவிகள் கூட்டிலேயே இருக்கும். குழுவின் பெயர் யாருக்கு என்பதுதான் கசப்பான வழக்காகும். பொழுதுபோக்குச் சேவைகளுக்கான 41-ஆம் வகுப்பில் பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய, தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் 4,500 ரூபாய். யார் பெயரில் பதிவது, அவர் விலகினால் யாருக்கு மாறும் என்பதை அதே நாளில் எழுதிவிடுங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் தவில் கலைஞர் திடீரென்று மறைந்தார். மூன்று பாடல்களின் மாஸ்டரில் அவருக்குப் பங்கு இருந்தது. அவருடைய மனைவிக்கு அது தெரியாது. பங்குத்தாள் இருந்ததால் நாங்கள் கணக்கைக் காட்ட முடிந்தது. வாரிசுச் சான்றிதழ் கிடைத்து வங்கி விவரங்கள் மாறும் வரை அவருடைய தொகையைத் தனியே எடுத்து வைத்தோம். இப்போது காலாண்டுக்கு ஒருமுறை அந்த அம்மாவின் கணக்குக்குப் பணம் போகிறது. அனுப்பிய அன்று நான் தொலைபேசியில் தொகையைச் சொல்கிறேன். அதன்பின் எங்கள் பங்குத்தாளில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வாரிசின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுத ஒரு கட்டம் சேர்த்தோம். உங்கள் தாளில் அந்தக் கட்டத்தை முதல் பாடலிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்; நிரப்பிய தாளின் ஒரு நகலை ஒவ்வொருவரும் வீட்டில் கொண்டு போய்க் கொடுக்கட்டும்.